ரெண்டு அடுப்பும் ஒரே படத்தில்

அந்த லென்ஸின் முன்கண்ணாடி வெளியே புடைத்திருக்கும். மூடி போட்டிருந்தாலும் எங்கேயாவது இடித்துக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கும். பழைய பனியன் துணியில் சுற்றி அதைப் பருப்பு டின்னில் வைத்திருக்கிறேன். இங்கே ஏழாவது மாடியில் காற்று நன்றாக வரும். ஆனாலும் மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். அந்த டின் இறுக்கமாக மூடும். பருப்பு வாங்குவதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. ஒரு ஆளுக்காகப் பருப்பை வேகவைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது.

இப்போது எனக்குச் சோறு போடுவது இந்த லென்ஸ்தான். வேளச்சேரியில் விற்கப்போகும் பிளாட்டுகளைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். புரோக்கர் போன் செய்வார், போவேன். ரூமின் மூலையில் முதுகை ஒட்டி நின்று எடுத்தால் சின்ன ரூம் பெரிதாகத் தெரியும். கட்டில் போட்டால் கதவு திறக்காது, அந்த மாதிரி ரூமில்கூட ஊஞ்சல் மாட்டலாம் போல இருக்கும். புரோக்கருக்குச் சந்தோஷம். "உன் லென்ஸு நல்லா பொய் சொல்லுதுபா" என்பார். நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். ரூமைப் பெரிதாகக் காட்ட இதை நான் வாங்கவில்லை. ஒரே ரூமில் இரண்டு அடுப்பு இருந்தது என்று காட்ட வாங்கினேன். என் அண்ணிக்காக வாங்கினேன்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் இருந்தோம். அம்மா காலத்து வீடு. ஒரே ரூம். மேலே ஆஸ்பெஸ்டாஸ். ஜன்னல் கிடையாது. பக்கத்து வீட்டுச் சுவர்தான் எங்கள் சுவரும். வெளிச்சம் வருவதற்கு ஒரு வாசல், அதுவும் கால்வாயைப் பார்த்த வாசல். அண்ணன் ஆட்டோ ஓட்டினார். ஒரு நாள் சவாரியை இறக்கிவிட்டு ஆட்டோவிலேயே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணிக்கு ஒரு பெண். அப்போது சின்ன வகுப்பில் படித்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி கடைத்தெருவுக்குப் போய் ஒரு பம்ப் ஸ்டவ் வாங்கி வந்தார். பழையதுதான், ஆனால் துலக்கி வைத்திருந்தார். அதை வாசலுக்கு வலது பக்க மூலையில் வைத்தார். அவருடைய கேஸ் அடுப்பு இடது பக்க மூலையில் இருந்தது. "தம்பி, இனிமே உனக்கு இது" என்றார். "நீ பொங்கறத நீ துன்னு. நான் பொங்கறத நாங்க துன்றோம். வூட்ட வுட்டு நீ போவாத. போனா நான் தொரத்திட்டேன்னு சொல்லுவாங்க. என் கையால போட்டா வேற மாதிரி சொல்லுவாங்க." நான் சரி என்றேன். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. தெருவில் எல்லாரும் இரண்டு அடுப்பையும் வாசலில் இருந்தே பார்க்கலாம். கதவை அண்ணி பகலில் சாத்தியதே கிடையாது.

இரவில் நான் ஸ்டுடியோவில் படுத்துக்கொள்வேன். லஸ் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு வேலை. பாஸ்போர்ட் படம், ஸ்கூல் படம், சின்ன விசேஷங்கள். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. முதலாளி தன்னுடைய பழைய கேமரா ஒன்றை எனக்கென்று விட்டுவிட்டார். காலையில் வீட்டுக்கு வருவேன், குளிப்பேன், சமைப்பேன், சாப்பிடுவேன். சாயங்காலமும் அப்படித்தான்.

அண்ணி ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்தார். அந்த வீட்டுக்காரர்கள் அவர் வைத்த குழம்பைப் பற்றி சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்வார்களாம். அந்தக் குழம்பின் வாசனை எனக்குத் தெரியும். அதோடு சரி. அவர் கடுகு போடும்போதே இன்று என்ன என்று எனக்குத் தெரிந்துவிடும். கருவாடா, கத்திரிக்காயா, வெறும் ரசமா. நான் என் மூலையில் உப்புமா கிண்டிக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். முதுகுக்கு முதுகு. பேச்சு மட்டும் நடுவில் போய் வரும்.

"தம்பி, அடிபுடிக்குது பாரு."

"இல்லண்ணி."

"எனக்கு இங்க வாசன வருது. உன் மூக்க இன்னா ஸ்டுடியோலயே வெச்சிட்டு வந்துட்டியா? எறக்கு."

இறக்கிப் பார்த்தால் அடிப்பிடித்திருக்கும். ரசத்துக்கு எப்போது நுரை கட்டும், எப்போது இறக்க வேண்டும் என்று திரும்பாமலேயே சொல்வார். எழுந்து வந்து பார்க்கமாட்டார். அவருடைய சட்டியிலிருந்து ஒரு கரண்டிகூட என் பக்கம் வந்தது கிடையாது. குழந்தை மட்டும் இரண்டு பக்கமும் போவாள். என் தட்டில் கைவைத்துத் தின்றுவிட்டு, "சித்தப்பா, உன் சோறு கல்லு மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். அண்ணி சிரிப்பது கேட்கும். பல வருஷம் இப்படியே ஓடிவிட்டது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கேட்கும் அந்தச் சத்தம் ஒரு துணை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வெள்ளம் வந்துபோன பிறகு எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருவதாகச் சொன்னார்கள். கணக்கெடுக்க வந்தவர்கள் கதவில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். ஒரு கதவு, ஒரு எண், ஒரு வீடு. ரேஷன் கார்டும் எங்களுக்கு ஒன்றுதான். அண்ணன் பெயருக்குக் கீழே எல்லாருடைய பெயரும் இருந்தது. அண்ணன் இல்லாததால் வீடு என் பெயரில் வரும் என்றார்கள். பக்கத்து வீட்டில் எல்லாரும் நல்லதுதானே என்றார்கள்.

அண்ணி அன்று அடுப்பைப் பற்றவைக்கவில்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அது வழக்கமில்லை. "உன் பேர்ல வூடு வந்தா நான் உன் வூட்ல இருக்கறவ ஆயிடுவேன் தம்பி. இங்கயாவது உங்கம்மா வூடு, நான் மருமவ. அங்க நான் யாரு? பொண்ணு பெருசாகிக்கினு வருது. நாளிக்கு பொண்ணு கேட்டு ஒருத்தன் வந்தா, யார் வூட்ல கீறீங்கன்னு கேப்பான். எனக்குன்னு ஒரு கதவு வேணும்" என்றார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. அண்ணி கேட்டது இரண்டு வீடு. இரண்டு வீடு என்றால் இரண்டு கதவு. அது எனக்கும் புரிந்தது.

மறுநாள் இரண்டு பேரும் வீடு ஒதுக்கும் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த மேடம் கெட்டவர் இல்லை. களைத்துப்போயிருந்தார். தனித்தனியாகச் சமைப்பவர்கள் என்றால் தனிக் குடும்பமாக எழுதலாம் என்றார். "ஆனா நான் எழுதினா மேல கேப்பாங்க. போட்டோ கொண்டாங்க. ரெண்டு அடுப்பும் எரியணும், ரெண்டும் ஒரே போட்டோல இருக்கணும். தனித்தனியா எடுத்தா ஒத்துக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டு அடுப்ப எடுத்துட்டு வந்து காட்டறாங்கம்மா, நான் என்ன பண்றது?" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். "இவுரு போட்டோகிராபர்தான் மேடம்" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் வேலை பாதி முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

முடியவில்லை. வாசலில் நின்று எடுத்தால் ஒரு அடுப்பும் மற்றதன் கைப்பிடியும்தான் வந்தது. பின்னால் போனால் கால்வாய். அதோடு, அந்த ரூமுக்கு வெளிச்சம் வருவதே வாசல் வழியாகத்தான். படம் எடுக்கிறவன் அங்கே நின்றால் அவனே வெளிச்சத்தை மறைத்துவிடுவான். காலி செய்யச் சொன்னதோடு கரண்டையும் எடுத்துவிட்டார்கள். பிளாஷ் போட்டேன். அடுப்பு தெரிந்தது, எரிவது தெரியவில்லை. பிளாஷ் வெளிச்சத்தில் நெருப்பு காணாமல் போய்விடும். பிளாஷ் இல்லாமல் எடுத்தால் எல்லாம் ஆடிப்போய் இருந்தது. என் ஜூம் அந்த இருட்டுக்குப் போதாது. முதலாளியிடமும் வேறு லென்ஸ் இல்லை.

தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிப்படி ஏறினால் பழைய கேமரா விற்கும் பாய் ஒருவர் இருந்தார். கண்ணாடி அலமாரி முழுக்க லென்ஸ். எல்லாம் யாரோ ஒருவர் விற்றுவிட்டுப் போனது. லென்ஸின் மேல் இரண்டு எண் இருக்கும். ஒன்று எவ்வளவு அகலம் பார்க்கும் என்பது. மற்றது எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பது. இரண்டு எண்ணும் சின்னதாக இருந்தால் நல்லது. இரண்டும் சின்னதாக இருந்தால் நம்மால் வாங்க முடியாது. அதனால் எதையாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை என்பதுதான் கேள்வி.

"இன்னாபா ஷூட்டு? கல்யாணமா?" என்றார் பாய்.

"ஒரு ரூமு பாய்."

"பிளாட்டா? அப்ப இத்த எடு. பத்துக்குப் பத்து ரூம கல்யாண மண்டபம் மாதிரி காட்டும்."

"மண்டபம் மாதிரி தெரியக்கூடாது பாய்."

"மண்டபம் வாணாம்னா உனுக்கு வைடு லென்ஸு எதுக்கு?"

"ரெண்டு அடுப்பு தெரியணும்."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "சமையல் ப்ரோகிராமா? டிவிலயா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். ரூம் எவ்வளவு என்று சொன்னேன். ஜன்னல் இல்லை, கரண்ட் இல்லை, நெருப்பு தெரியவேண்டும் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு பாய் கேலி பேசவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் ஒன்று சுவரையே வளைத்தது. கதவு வாழைப்பழம் மாதிரி தெரிந்தது. அதை வைத்துவிட்டேன். அடுத்ததில் அகலம் இருந்தது, ஆனால் இருட்டில் கண் தெரியாத லென்ஸ். அதையும் வைத்துவிட்டேன். கடைசியில் இரண்டு மிஞ்சியது. ஒன்று இருபத்துநான்கு என்று போட்ட லென்ஸ். கனமானது. வெளிச்சத்தை அப்படியே அள்ளிக்கொள்ளும். ஆனால் என் கேமராவில் அதற்கு அகலம் போதாது. இன்னொன்று பதினொன்று என்று போட்டது. முன்னால் புடைத்த கண்ணாடி. வெளிச்சம் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் சமாளிக்கலாம். அகலம் ரூமையே விழுங்கும்.

எது வேண்டும் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் இருபத்துநான்கைக் கீழே வைக்க மனசு வரவில்லை. கடைக்குள்ளேயே பாயின் முகத்தை ஒரு படம் எடுத்தேன். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மற்றப் பக்கம் மெல்ல இருட்டு. இத்தனை வருஷம் பாஸ்போர்ட் படம் எடுத்தவனுக்கு அது புதுசு. பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "நானா இது? என் பொண்டாட்டிகிட்ட காட்டணும்" என்றார். பிறகு, "ரெண்டையும் எடுத்துனு போய் பாரு. நாளிக்கு ஒண்ணு திரும்பி வரணும். உன் பிளாஷும் ஜூமும் இங்க இருக்கட்டும். எத்த வெச்சிக்கிறியோ அதுக்கு இது பதிலு" என்றார். இனிமேல் பிளாஷ் இல்லை. ஒரு லென்ஸ்தான். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் வீட்டுக்கு வந்தேன். அண்ணி வேலை முடிந்து வந்து உலை வைத்துக்கொண்டிருந்தார். முதலில் இருபத்துநான்கை மாட்டினேன். ஏன் அதை முதலில் மாட்டினேன் என்று எனக்குத் தெரியும். வாசலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கேமரா வழியே பார்த்தேன். கால்வாய்த் தண்ணீரில் பட்ட வெயில் கூரைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணி அடுப்பின் மேல் குனிந்திருந்தார். நெருப்பு கீழே இருந்து முகத்தில் விழுந்தது. நெற்றியில் வேர்வை. காதோரம் நரைத்த முடி. மூக்கில் கல் இல்லாத ஓட்டை. அண்ணன் போன அன்று கழற்றியது. பின்னால் இருந்த பாத்திரம், துணி, சுவர் எல்லாம் கரைந்து மங்கிப்போயிருந்தது. அந்த ரூமில் அவர் மட்டும் இருந்தார். அழுத்தினேன்.

அண்ணிக்குச் சத்தம் கேட்டது. "காட்டு" என்றார். கேமராவின் பின்பக்கத்தைக் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அதிக நேரம் பார்த்தார். குழந்தை நடுவில் தலையை நீட்டி, "ஐயோ, அம்மா நீயா இது? சினிமாக்காரி மாதிரி கீற" என்றாள். அண்ணி அவளைத் தள்ளிவிட்டார். பிறகு என்னிடம், "இதுல ஒரு அடுப்புதான் தெரியுது" என்றார்.

"ஆமாண்ணி. சும்மா பாக்கறதுக்கு எடுத்தேன்."

"இது வாணாம் தம்பி. அழிச்சிடு."

அழித்தேன். எப்படி அழிப்பது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அழித்த பிறகு திரை கறுப்பாகும்வரை பார்த்துவிட்டுத்தான் அடுப்புக்குத் திரும்பினார். லென்ஸைக் கழற்றினேன். மூடி போட்டேன். பையில் வைத்தேன். பதினொன்றை மாட்டினேன். தேர்ந்தெடுப்பது அவ்வளவுதான். கடையில் அதற்கு அரை நாள் எடுத்துக்கொண்டேன். இங்கே ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பதினொன்றில் எல்லாம் தெரிந்தது. இடது மூலையில் கேஸ் அடுப்பு, வலது மூலையில் என் ஸ்டவ், நடுவில் வெறும் தரை. ஆனால் ஓரத்தில் இருப்பதை அந்த லென்ஸ் இழுத்துவிடும். அண்ணியின் அடுப்பு நீளமாகத் தெரிந்தது. என் ஸ்டவ் சாய்ந்து தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த தரை மைதானம் மாதிரி ஆகிவிட்டது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரம்தான் எங்களுக்கு நடுவில் இருந்தது. படத்தில் கூப்பிட்டால் கேட்காது போல இருந்தது.

"ரெண்டு அடுப்பையும் கொஞ்சம் நடுவுல இழுத்து வெச்சிக்கலாமாண்ணி? இழுக்காம வரும்" என்றேன்.

"இருக்கற எடத்துல இருக்கட்டும். மாத்தி வெச்சா பொய்யாயிடும்."

சரி என்று ஸ்டூலை வாசலில் போட்டுக் கேமராவை அதன்மேல் வைத்தேன். நானும் என் ஸ்டவ் முன்னால் உட்கார வேண்டும் என்பதால் டைமரில் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. இருந்த வெளிச்சமும் போனது. "வெளிச்சத்த வுட்டு தள்ளுங்கடா, உங்க தலையயா போட்டோ எடுக்கறாங்க?" என்று அண்ணி உள்ளே இருந்து கத்தினார். ஒருவன், "அண்ணி, எங்களயும் ஓரமா போடு, எங்களுக்கும் ஒரு வூடு குடுப்பாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார்கள். ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்து எரியவிட்டேன். பட்டனை அழுத்தினேன்.

"சித்தப்பா, ஓடு!" என்றாள் குழந்தை.

ஓட அங்கே எங்கே இடம். ஒரே எட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். நேரம் மிச்சம் இருந்தது. வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்காரக் கூடாது, கேமராவைப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. யாரும் மூச்சு விடவில்லை. "எடுத்துருச்சா?" என்று அண்ணி கேட்க வாயைத் திறந்தார். அப்போது எடுத்தது. படத்தில் அவர் வாய் திறந்திருக்கும். நான் ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவன் மாதிரி விறைத்திருப்பேன். குழந்தை நடுவில், தரையில், யார் பக்கம் போவது என்று தெரியாத மாதிரி. இரண்டு அடுப்பும் எரியும்.

ஆபீசில் மேடம் படத்தைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். "உங்க ரூம் இவ்ளோ பெருசா?" என்றார்.

"லென்ஸ் அப்படிக் காட்டும் மேடம். ரூம் சின்னதுதான்."

"ரூமைப் பெருசா காட்டற லென்ஸு, ஒரு அடுப்ப ரெண்டா காட்டாதா?"

லென்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மேஜை முன்னால் உதவவில்லை. அண்ணிதான் முன்னால் வந்தார். படத்தில் விரல் வைத்தார். "நல்லா பாருங்க மேடம். இது கேஸு, அது மண்ணெண்ண. இந்தச் சட்டில கொழம்பு, நான் வெச்சது. அந்தச் சட்டில உப்புமா, அவுரு கிண்டனது. இத்தினி வருசமா அவுரு உப்புமாதான் துன்றாரு. ரெண்டும் ஒரே வூட்டு அடுப்பா இருந்தா, கொழம்பு வெச்சிக்கினு எவளாவது மனுசனுக்கு உப்புமா போடுவாளா?" மேடம் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுதினார். இரண்டு குடும்பம்.

வெளியே வந்ததும் அண்ணி மரத்தடியில் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குலுக்கலில் அண்ணிக்குத் தரைத்தளம் வந்தது. எனக்கு வேறு பிளாக்கில் ஏழாவது மாடி. நடுவில் பத்துப் பன்னிரண்டு கட்டடம். ஒரே வண்டியில்தான் சாமான் போனது. அண்ணி வீட்டுச் சாமானை முதலில் இறக்கினோம். என் ஸ்டவ்வும் பெட்டியும் மட்டும் வண்டியில் மிச்சம் இருந்தது. வண்டிக்காரர், "இவ்ளோதானா உனுக்கு?" என்றார். இவ்வளவுதான் என்றேன்.

முதல் வாரம் சோறு அடிப்பிடித்தது. சொல்ல யாரும் இல்லை. எனக்கு உண்மையிலேயே மூக்கு சரியில்லை போல. பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்து உட்கார வேண்டிய அவசியம் இனிமேல் இல்லை என்று தோன்றியது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனாலும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். இப்போதும் அப்படித்தான். பக்கத்து வீடுகளில் கதவு சாத்தியே இருக்கும். யார் வீட்டில் என்ன குழம்பு என்று இங்கே தெரிவதில்லை. வாசனை எல்லாம் வெளியே போய்விடுகிறது.

அண்ணி இப்போது அங்கே இல்லை. பெண் கல்யாணமாகி ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கிறாள். மருமகனுக்குப் பட்டறை வேலை. பேரன் பிறந்ததும் அண்ணியும் அங்கே போய்விட்டார். பெண் கேட்டு வந்தவர்கள் யார் வீடு என்று கேட்டார்களாம். "எங்கம்மா வூடு" என்று அவளே சொன்னாளாம். போனில் அண்ணி இதை என்னிடம் சொன்னபோது குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. அந்தக் குரலுக்காகவே அந்த லென்ஸை வாங்கியது தகும். இன்றைக்கு செல்போனிலேயே எல்லாரும் அகலமாக எடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு அது இல்லை.

அண்ணி அங்கே இருந்தவரை நான் அந்த வீட்டுக்குப் போனது குறைவு. போனாலும் வாசலோடு வந்துவிடுவேன். உள்ளே உட்கார்ந்தது ஒரே ஒரு தடவை. நல்ல மழை. தரைத்தளம் ஆனதால் தண்ணீர் படிவரை வந்துவிட்டது. அண்ணியின் பெண் போன் செய்தாள். போய் அரிசி மூட்டை, பெட்டி, டிவி எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிக் கொடுத்தேன். மத்தியானம் மழை விட்டது. கைகால் கழுவிக்கொண்டு கிளம்பினேன். அண்ணி, "உக்காரு" என்றார். தட்டைக் கழுவி என் முன்னால் வைத்தார். தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இன்னா பாக்கற? இது என் வூடு. நீ வெளிய இருந்து வந்தவன். வந்தவங்களுக்குச் சோறு போடலாம். எவ இன்னா சொல்லுவா?" என்றார்.

சோறு வைத்து, கத்திரிக்காய் கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். அந்த வாசனை எனக்கு மனப்பாடம். ருசி வேறு மாதிரி இருந்தது. வாசனையில் தெரியாத ஒரு புளிப்பு, கடைசியில் லேசான இனிப்பு. வெல்லம் போடுவார் என்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. குனிந்து சாப்பிட்டேன். அண்ணி எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நேருக்கு நேர்.

"உப்பு சரியா கீதா?"

"சரியா இருக்குண்ணி."

வெளியே யாரோ வாளியில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது.

"அங்க இருந்தப்ப ஒரு நாளாவது ஒரு கரண்டி கேட்டுருக்கலாம் இல்ல" என்றார்.

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அண்ணி யோசித்தார். பொய் சொல்கிறவர் இல்லை.

"மாட்டேன்" என்றார். "ஆனா நீ கேட்டுருக்கலாம்."

எழுந்து வந்து ரசம் ஊற்றினார். பசி எப்போதோ அடங்கியிருந்தது. போதும் என்று நான் தட்டின்மேல் கையை நீட்டி மறிக்கவில்லை. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.